பலகை எடுபட்ட நாட்டாமைகள்

— அந்தக் கதையை விடுங்கோ டொக்டர். வாந்தி நிண்டுட்டுது, வயித்தால போறதும் நிண்டுட்டுது. டிஸ்சார்ஜ் துண்டை வெட்டித் தாங்கோ, நான் மனிசியை வீட்டை கூட்டிக்கொண்டு போறன்.

— யோகலிங்கம் அண்ணன், கொஞ்சம் பொறுங்க. பூரணம் அக்காக்கு இண்டைக்குத் துண்டு வெட்ட ஏலா.

— ஏன் ஏலாது? வாட்டுக்குள்ள போய்ப் பாருங்கோ. கட்டில்ல சம்மணம் கொட்டி இருந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரிக்குத் தலை பின்னி விடுறா. விடிய ரெண்டு கோப்பை தேத்தண்ணி குடிச்சவ. 'சேட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ, ஆஸ்பத்திரிக்குள்ள வந்து நாட்டாமை மாதிரி நிக்கிறியள்' எண்டு எனக்கு ஏச்சு வேற. மூட்டை தூக்கிற நாட்டாமை நாட்டாமை மாதிரி நிக்காமல் வேற எப்பிடி நிக்கிறது?

— எங்க வேலை உங்களுக்கு?

— துறைமுகத்தில. மூட்டை தூக்கிறது. சீமெந்து, மா, உரம், எது வந்தாலும் இந்த முதுகாலதான் லொறிக்குப் போகும். இருவத்தேழு வருசம். அதுதான் சொல்லுறன், வருத்தக்காரரை எனக்கு முகத்தைப் பார்க்கத் தெரியும். வேலைக்கு ஏலாதவன் ஆர், ஏலாத மாதிரி நடிக்கிறவன் ஆர் எண்டு தூரத்தில வரேக்கயே சொல்லுவன். பூரணத்துக்கு ஒண்டும் இல்லை.

— இருங்க அண்ணன். அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்க.

— இருக்கச் சொன்னால் பயமாக் கிடக்கு. நிண்டுகொண்டே கேக்கிறன். அவதான் வீட்டை போகவேணும் எண்டு நிக்கிறா, நான் இல்லை. 'சம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, சம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.' நேற்றில இருந்து இதே பாட்டு.

— என்னட்டயும் கேட்டா. காலையில என்ட கையைப் பிடிச்சிட்டா. 'பிள்ளை, நான் என்ர வீட்டில கிடக்கிறன், விடுங்கோ' எண்டு. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்திச்சு. சுகமான ஆள் அப்பிடிக் கேக்காது.

— சும்மா கதை. அகதி முகாமில பத்து வருசம் தகரத்துக்குக் கீழ கிடந்த மனிசி. தன்ர வீட்டுக்குப் போக ஆசைப்படாமல் உங்கட வாட்டைச் சுத்தியே கிடக்கவோ?

— இந்தக் கடதாசியைப் பாருங்க. இது திங்கக்கிழமை எடுத்த ரத்தம். வெள்ளை அணு இருவத்திரெண்டாயிரம். இது இண்டைக்கு விடிய எடுத்தது. மூவாயிரத்துக்கும் கீழ.

— குறைஞ்சால் நல்லம்தானே. என்ர சீனி குறைஞ்சால் உங்கட கிளினிக்கில கை தட்டுறியள்.

— இது சீனி இல்ல அண்ணன். இது நோயைத் தடுக்கிற ரத்தம். ரெண்டு நாளில இப்பிடி விழக்கூடாது. சிறுநீரும் நேத்து மத்தியானத்தில இருந்து குறைவு. இவ்வளவு நாளும் பழுதான மீன் எண்டு நினைச்சுத்தான் மருந்து குடுத்தம். பழுதான மீன் இப்பிடிச் செய்யாது. அதான் உங்களைக் கூப்பிட்டன்.

— எந்த மீன்?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம் திண்ட மீன். பழைய சூரை.

— எங்கட வீட்டிலயோ?

— ஓம். மூணு தரம் கேட்டன். மூணு தரமும் அதையேதான் சொன்னா. இந்தா எழுதி வச்சிருக்கன். 'பழைய சூரை மீன், நான் மட்டும்தான் திண்டனான்.'

— டொக்டர், ஞாயித்துக்கிழமை எங்கட வீட்டில மீன் சமைக்கேல்லை. சூரையும் இல்லை, சுறாவும் இல்லை. வருத்தத்தில என்னவோ புலம்பியிருக்கிறா. அண்டைக்குக் கிழங்குக் கறி.

— என்ன கிழங்கு?

— வற்றாளங்கிழங்கு, சக்கரைவள்ளி. நான் தோண்டினது. அது ஒரு பெரிய கதை, உங்களுக்கு நேரம் இருக்குமோ தெரியாது.

— சொல்லுங்க.

— எங்கட வளவின்ர பின்மூலை இருக்குப் பாருங்கோ, அரை ஏக்கர். அது இவ்வளவு காலமும் நேவி முகாம் கம்பிக்கு உள்ளுக்கை கிடந்தது. வீடு வந்திட்டுது, கிணறு வந்திட்டுது, பின்மூலை மட்டும் வரேல்லை. இந்தச் சித்திரையிலதான் விட்டவங்கள். ரெண்டாயிரத்தி ஆறில ஓடேக்க அந்த மூலையில நான் வற்றாளை நட்டிருந்தனான். நாலு பாத்தி. தண்ணி ஊத்தின கையோட, வாளியை அப்பிடியே போட்டிட்டு ஓடினது. போன சனிக்கிழமை வேலிக்குக் கப்பு நட எண்டு அலவாங்கு போட்டன். அதே மூலை. ரெண்டாம் குத்துக்கே கிழங்கு கிளம்பி வருது! பேயன் மாதிரிக் கத்திப்போட்டன். இருவது வருசம், டொக்டர். செல் விழுந்து, காடு மண்டி, புல்டோசர் ஓடி, அதுக்குப் பிறகும் நான் நட்டது எனக்காகக் கிடந்திருக்கு.

— கொடி இருந்திச்சா?

— ஆனி வெயில்ல கொடி எங்கால? மேல ஒண்டும் இல்லை, கட்டாந்தரை. மண்ணுக்குள்ளதான்.

— கிழங்கு எப்பிடி இருந்திச்சு? உருண்டையா? சிவப்புத் தோலா?

— இல்லை, கொஞ்சம் உரு மாறித்தான் கிடந்தது. விரல் மொத்தம், நீட்டு. ரெண்டா மடங்கி, கவட்டை மாதிரி. தோல் மண்ணிறம், உள்ளுக்கை வெள்ளை. இருவது வருசம் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது மாறாமல் என்ன செய்யும்? நாங்கள் மட்டும் போன உருவத்திலயோ திரும்பி வந்தனாங்கள்?

— அண்ணன், இந்த ஃபோனைப் பாருங்க. இந்தப் பூ தெரியுமா?

— இது தெரியாமல்? கார்த்திகைப்பூ, செங்காந்தள். மாரிக்கு எங்கட பக்கம் வேலி முழுக்க இதுதான். சிவப்பும் மஞ்சளும்.

— இந்தக் கொடி இப்ப, ஆனி மாசத்தில, எங்க இருக்கும்?

— இப்ப எங்க இருக்கிறது? தை, மாசியோட காய்ஞ்சு மண்ணாப் போயிடும்.

— கிழங்கு?

— என்ன கிழங்கு?

— இந்தக் கொடியிட கிழங்கு, அண்ணன். அது எங்க இருக்கும்?

— பிள்ளை...

— சொல்லுங்க.

— கிழங்கு மண்ணுக்குள்ள கிடக்கும்.

— எப்பிடி இருக்கும்?

— ஐயோ. ஐயோ, கவட்டை மாதிரி. கவட்டை மாதிரித்தான் இருக்கும். சின்னனில அப்பு அடிச்சுச் சொல்லித் தந்தவர், தொட்ட கையைக் கழுவு எண்டு. எனக்குத் தெரியும் டொக்டர்! எனக்கு அந்தக் கிழங்கைத் தெரியும்! நான்... நான் என்ர வற்றாளை எண்டு நினைச்சனான். வேற எந்தக் காணியில தோண்டியிருந்தாலும் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டன். என்ர மூலை. நான் நட்ட மூலை.

— யா அல்லாஹ். சுஹைரா மிஸ்! மிஸ், ஒம்பதாம் கட்டில் பூரணத்துக்கு ஐசியூவில கட்டில் கேளுங்க. இப்பவே. கார்த்திகைக் கிழங்கு எண்டு சொல்லுங்க. ஓம், கிழங்கு. மீன் இல்ல. பெரிய டொக்டருக்கும் ஃபோன் எடுங்க. அண்ணன், கதிரையில இருங்க. வேற ஆர் திண்டது?

— ஒருத்தரும் இல்லை. வீட்டில நாங்கள் ரெண்டு பேரும்தான். மகள் லோஜனா கொழும்பில, தையல் பக்டரியில.

— நீங்க?

— எனக்குச் சீனி. கிழங்கு தொட்டால் உங்கட கிளினிக் மிஸ்மார் ஊரறியக் கிழிப்பினம். நான் பருப்போட திண்டனான். அவ... டொக்டர், அவ ரெண்டாம் வாய் வைக்கேக்க 'கசக்குதப்பா, நாக்கு எரியுது' எண்டவ. நான் சிரிச்சனான். 'இருவது வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது கசக்காமல் தேனோ வடியும், திண்' எண்டு சொன்னனான். திண்டவ. நான் சொன்னதுக்காகத் திண்டவ. கோப்பையை வழிச்சுத் திண்டவ.

— எத்தினை கிழங்கு இருக்கும்?

— நாலு. அஞ்சும் இருக்கலாம். நான்தான் தோல் சீவி, வெட்டிக் குடுத்தனான். ஆனால் அவிச்சவ டொக்டர், நல்லா அவிச்சுத்தான் கறி வைச்சவ.

— அவிச்சாலும் போகாது.

— இப்ப என்ன செய்யுது அது? உள்ளுக்கை என்ன செய்யுது?

— நிலமை மோசம் அண்ணன். நான் ஒளிக்கல்ல.

— மோசம் எண்ட சொல்லைத் தூக்கிக்கொண்டு நான் எங்க போறது? ஓடின காலத்தில இருந்து எல்லாரும் எனக்குச் சொன்ன சொல் அதுதான். என்ன நடக்குது எண்டு சொல்லுங்கோ. நான் படிக்காதவன்தான், ஆனால் சொன்னால் விளங்கும்.

— கட்டில் ஆயத்தம் பண்ண பத்து நிமிசம் எடுக்கும். சரி, கேளுங்க. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறை. கலம் எண்டு சொல்லுவம். கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு அறைக்குள்ளயும் சாமான் செய்யிற இடம் ஒண்டு, அந்தச் சாமான் தேவைப்படுற இடம் வேறொண்டு.

— அப்ப தூக்கிக்கொண்டு போக ஆள் வேணும்.

— ஆள் இருக்கு.

— ஆளோ?

— புரதம். உயிர் இல்ல. ஆனா ரெண்டு கால் இருக்கு. தலைப் பக்கம் மூட்டையைக் கொழுவிக்கொண்டு ஒரு காலை ஊண்டி, மத்தக் காலைத் தூக்கி முன்னால வச்சு நடக்கும். கதைக்குச் சொல்லல்ல, உண்மையாவே நடக்கும். படிக்கிற காலத்தில அதிட படத்தைப் பாத்திட்டு எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கல்ல. எனக்குள்ளயும் இப்பிடி எத்தினை கோடி பேர் நடக்கிறாங்க எண்டு.

— நாட்டாமை.

— ஓம். நாட்டாமைதான். உள்ளுக்க இருந்து வெளிய கொண்டுபோறவனுக்குக் கைனசின் எண்டு பேர். வெளிய இருந்து உள்ளுக்குக் கொண்டுவாறவன் டைனீன்.

— ஏத்திறவன் ஒருத்தன், இறக்கிறவன் ஒருத்தன். மூட்டை எவ்வளவு பாரம்?

— தூக்கிறவனைவிடப் பலமடங்கு பெரிசு.

— அடி?

— ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சத்துக்கு மேல துண்டு போட்டா ஒரு துண்டு. அதுதான் ஒரு அடி. ஒரு செக்கனுக்கு நூத்துக்கணக்கில அடி வைக்கும்.

— சாப்பாடு?

— அடிக்கு ஒரு வாய்.

— குடுத்து வைச்சவங்கள். எங்களுக்குக் கப்பல் பாதி இறக்கினால்தான் ஒரு வாய். எதில நடக்கிறாங்கள்?

— அங்கதான் விசயம் இருக்கு. மெல்லிய குழாய் மாதிரிப் பாதை. கல்லு மேல கல்லு அடுக்கிக் கட்டினது. ஒரு முனையில கட்டுப்படும், கழண்டும் விழும். எந்த நேரமும் கட்டிக்கொண்டே இருந்தாத்தான் அந்தப் பாதை இருக்கும்.

— லொறிக்கும் மேடைக்கும் நடுவில நாங்கள் போடுற பலகை மாதிரி.

— அதேதான். அந்தக் கிழங்கில கொல்சிசின் எண்டு ஒரு நஞ்சு இருக்கு. அது இந்தக் கல்லைப் போய்ப் பிடிச்சுக்கொள்ளும். நஞ்சு பிடிச்ச கல்லுப் போய் முனையில இருந்தா அதுக்கு மேல வேற கல்லுக் குந்தாது. கட்டுறது நிண்டிடும். கழண்டு விழுறது மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

— பலகை எடுபடுது.

— ஓம்.

— நாட்டாமைகள்?

— இருக்கிறாங்க. காலும் இருக்கு, சாப்பாடும் இருக்கு, முதுகில மூட்டையும் இருக்கு. பாதை மட்டும் இல்ல. அப்பிடியே நிக்கிறாங்க.

— நிக்க ஏலாது பிள்ளை. உங்களுக்குத் தெரியாது. அம்பது கிலோ முதுகில இருக்கேக்க நடந்தால்தான் உயிர். நிண்டால் முழங்கால் நடுங்கும், பிறகு இடுப்பு, பிறகு கண் இருட்டும். எங்கட ஸைனுலாப்தீன் நானாவுக்குப் பலகை நடுவில வெடிச்சுது. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் வர ஏலாது, மூட்டையைக் கீழ போடவும் இடமில்லை. நாங்கள் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள். மனிசன் கத்தக்கூட இல்லை. கத்திறதுக்கும் மூச்சு வேணுமே. பூரணத்துக்குள்ள இப்ப எத்தினை கோடி எண்டு சொன்னனீங்கள்?

— அதைக் கணக்குப் பாக்காதீங்க.

— அப்பிடியெண்டால் அவ எப்பிடிச் சிரிச்சுக்கொண்டு தலை பின்னுறா?

— ஏற்கெனவே கொண்டுபோய் வச்ச சரக்கு இருக்கு. அது தீருமட்டும் கடை திறந்துதான் இருக்கும். வெளிய பாத்தா ஒரு குறையும் தெரியாது. இந்த நஞ்சு அப்பிடித்தான். முதல்ல வயித்தைப் பிரட்டும், பிறகு ஒரு நாள் நல்லா இருக்கிற மாதிரி இருக்கும். வீட்டாக்கள் துண்டு வெட்டச் சொல்லுவாங்க.

— நான் கேட்ட மாதிரி.

— நீங்க கேட்ட மாதிரி. ரத்தம் குறையிறதும் அதாலதான். ஒரு கலம் ரெண்டாப் பிரிஞ்சு, புதுசு பிறக்கிறதுக்கும் அதே பாதைதான் வேணும். பாதை இல்லாட்டிப் புது ரத்தம் இல்ல. பிறகு நரம்பு. உங்கட முதுகெலும்பில இருந்து கால் பெருவிரல் மட்டும் ஒரே ஒரு கலம் போகுது. ஒரு மீட்டர் நீளம். முதுகில செய்யிற சாமானை அவ்வளவு தூரமும் ஆள் சுமந்துதான் போகணும்.

— அந்தச் சின்னக் காலாலயோ? எவ்வளவு நேரம் எடுக்கும்?

— நிக்காம நடந்தா ரெண்டு மூணு நாள்.

— மூண்டு நாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய். இண்டைக்குப் புதன்.

— ஏன் கேக்கிறீங்க?

— விடிய 'கால் மரத்துக் கிடக்கு' எண்டவ. சம்மணம் கொட்டி இருந்த இருப்பாலதானே எண்டு நினைச்சனான். டொக்டர், நேற்றுப் பின்னேரத்தில இருந்து அவ கட்டிலை விட்டு இறங்கி நான் காணேல்லை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட என்னட்டத்தான் கழுவித் தரச் சொன்னவ. என்ர மனிசி தன்ர கோப்பையை ஒருநாளும் என்னைக் கழுவ விட்டதில்லை.

— எனக்கு இதைச் சொல்லல்ல. கால் சுகமா எண்டு கேட்டதுக்குச் சுகம் எண்டா.

— இதுக்கு மாத்து மருந்து?

— இல்ல.

— கண்டியில? கொழும்பில?

— அங்கயும் இல்ல அண்ணன். தாங்கிப் பிடிக்கத்தான் ஏலும். மூச்சுக்கு மெசின், சிறுநீரகத்துக்கு மெசின், ரத்தம் ஏத்துறது. நஞ்சு கழியுமட்டும் தாங்கிட்டா பாதை தானாக் கட்டுப்படும். ஒரு கிழமையைத் தாண்டி எழும்பின ஆக்கள் இருக்காங்க. தலைமுடி கொட்டும், திரும்ப முளைக்கும்.

— தாண்டாட்டி?

— அதை நான் வாயால சொல்லணுமா?

— துண்டு வேண்டாம். நான் கேக்கேல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. அவவை இங்கயே வைச்சிருங்கோ.

— திங்கக்கிழமை விடிய அவ வரக்குள்ளயே கிழங்கு எண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா, மருந்துக் கரி கரைச்சுத் திரும்பத் திரும்பக் குடுத்திருப்பன். குடலுக்குள்ள சுத்திக்கொண்டிருந்ததில கொஞ்சத்தையாவது கரி பிடிச்சிருக்கும். முழுக்கக் காப்பாத்தியிருக்கும் எண்டு சொல்ல மாட்டன். ஆனா பாரம் குறைஞ்சிருக்கும். ரெண்டரை நாள் மீனுக்கு மருந்து குடுத்துக்கொண்டு நிண்டிருக்கன்.

— என்ர பிழை. நான் பக்கத்தில நிண்டிருந்தால் கிழங்கு எண்டு சொல்லியிருப்பன். பார்க்கிற நேரம் தவிர உங்கட வாட்டில ஆம்பிளையளை உள்ளுக்கை விடாங்கள். வெளியில வாங்கில படுத்துக் கிடந்தனான்.

— இப்ப பிழை பாக்க நேரம் இல்ல. ஒரு வேலை செய்யுங்க. அந்தக் கிழங்கில ஒண்டை ஆரிட்டயாவது குடுத்தனுப்பச் சொல்லுங்க. பெரிய டொக்டர் பாத்து நிச்சயப்படுத்தணும்.

— வீட்டில ஒண்டும் இல்லை. மிச்சம் முழுக்க ஹஸன்தான்...

— ஆர் ஹஸன்?

— கடவுளே.

— அண்ணன்? அண்ணன், என்ன?

— ஹஸன் கொண்டுபோனவன். என்னோட மூட்டை தூக்கிற பொடியன், மூதூர். சனிக்கிழமை கப்பு நட உதவிக்கு வந்தவன். அஞ்சு கிலோவை உரப்பையில போட்டு அவன்ர மோட்டார் சைக்கிள்ல நான்தான் கட்டிவிட்டனான். எங்கட கூட்டத்துக்கு ஒரு வழக்கம். கப்பல் கட்டின முதல் நாள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே சட்டி. ஆர் வீட்டில என்ன விளைஞ்சுதோ அது சட்டிக்குள்ள போகும். 'இந்தமுறை என்ர மண்ணில விளைஞ்சது' எண்டு நெஞ்சை நிமித்திக் குடுத்தனுப்பினனான்.

— எப்ப கப்பல்?

— இண்டைக்கு. விடிய கட்டியிருப்பாங்கள். மணி என்ன இப்ப?

— பன்னிரண்டரை.

— பன்னிரண்டுக்குச் சட்டி இறக்கிறது! பிள்ளை, இந்த ஃபோனை அமத்தித் தாங்கோ. 'மூதூர் ஹஸன்' எண்டு இருக்கும்.

— அடிக்குது. ஸ்பீக்கரில போடுறன்.

— எடுடா. எடுடா ஹஸன். கிரேன் சத்தத்தில கேக்காது அவனுக்கு. எடடா!

— திரும்ப எடுப்பம். எத்தினை பேர் எண்டீங்க, பன்னிரண்டா? மிஸ்! வெளிநோயாளர் பிரிவுக்குச் சொல்லி வைங்க, பதினொரு பேர் வரலாம்...

— அலோ! யோகண்ணே! அக்காக்கு எப்பிடி?

— ஹஸன், சட்டியை இறக்காத! ஒருத்தனையும் திங்க விடாத! திண்டவன் எல்லாரையும் இப்பவே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா. அந்தக் கிழங்கு...

— கத்தாதீங்க அண்ணே. என்ன கிழங்கு?

— நான் குடுத்த கிழங்கு!

— அதுவா? அதை எறிஞ்சாச்சு.

— எறிஞ்சதோ? ஆர் எறிஞ்சது?

— நாந்தான். பழுதாப் போச்சு. இண்டைக்குப் பருப்பும் கீரையும்தான் சட்டியில.

— அஞ்சு கிலோவுமோ?

— ஓம். ஒண்டும் மிச்சமில்ல.

— உண்மையைச் சொல்லடா. ஒரு துண்டாவது ஆரும் திண்டாங்களோ?

— வாப்பா ஆணை, ஒருத்தரும் வாயில வைக்கல்ல. ஆடு மாடு தோண்டிரும் எண்டு மூணடி ஆழம் வெட்டி, மேல கல்லும் வச்சு மூடிட்டன்.

— முருகா. தப்பிட்டாங்கள். டொக்டர், கேட்டனீங்களோ, ஒருத்தரும் திங்கேல்லை.

— கேட்டன். அல்ஹம்துலில்லாஹ்.

— பொறு. டேய் ஹஸன்.

— சொல்லுங்க அண்ணே.

— பழுதான கிழங்கை ஆரடா மூண்டடி வெட்டிப் புதைக்கிறது?

— அது... சட்டி கொதிக்குது அண்ணே, நான் பிறகு எடுக்கன்.

— வைச்சியெண்டால் துறைமுகத்துக்கு வந்து பல்லை உடைப்பன். சொல்லு.

— என்னட்டக் கேக்காதீங்க.

— ஹஸன், நான் டொக்டர் ஜெஸ்மின். பூரணம் அக்காவைப் பாக்கிறது நான்தான். அது நஞ்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? ஒளிக்காம சொல்லுங்க, அவட உயிர் விசயம்.

— அக்காதான் சொன்னா.

— எந்த அக்கா?

— பூரணக்கா.

— எப்ப?

— திங்கக்கிழமை. விடிய சுபஹு தொழுதிட்டு வெளிய வாறன், ஃபோன் அடிக்குது. வாட்டில ஆரிட்டயோ வாங்கி எடுத்திருக்கா. 'தம்பி, அந்தக் கிழங்கைத் தொடாத, புதை' எண்டா. குரலே இல்ல டொக்டர். வாந்திக்கு நடுவில கதைச்சா.

— சுபஹுக்கா? நான் எட்டு மணிக்கு அவட கட்டிலடியில நிண்டு கேட்டன். மீன் எண்டா.

— அவளுக்குத் தெரியுமோ? ஹஸன், அவளுக்கு முதலே தெரியுமோ?

— ஞாயித்துக்கிழமை இரவே விளங்கிட்டாம் அண்ணே. கூடைக்குள்ள ஒரு கிழங்கு முழுசாக் கிடந்திருக்கு. நீங்க ஆட்டோ புடிக்க ஓடின நேரம் அதை எடுத்துப் பாத்திருக்கா. பாத்திட்டுக் குசினி அடுப்புக்குள்ள போட்டிட்டாவாம்.

— அப்ப ஏனடா எனக்குச் சொல்லேல்லை? டொக்டருக்கு ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் கரி குடுத்திருப்பினமடா! உனக்கு வாய் எங்க போச்சுது? மூண்டு நாள்! மூண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறியே!

— அவக்கு இவ்வளவு மோசம் எண்டு எனக்குத் தெரியா அண்ணே, சுகம் வந்திட்டு எண்டுதானே நேத்துச் சொன்னீங்க. என்ட வாப்பாட மேல சத்தியம் வாங்கிட்டா... 'கிழங்கெண்டு சொன்னா டொக்டர் அவரைத்தான் கேப்பா, அவருக்குத் தெரிஞ்சிரும்; நான் செத்தாலும் மீன் திண்டு செத்ததா இருக்கட்டும் தம்பி, அந்த மனிசனால தன்ர கையைப் பாத்துக்கொண்டு உயிரோட இருக்க ஏலாது' எண்டு சொன்னா.